ஊவா தோட்டப்புறங்களில் வீட்டு நாய்க்கு வைத்தியர் யார்?

பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத லயன் தொகுதியைக் காண்பது அரிது. ஹப்புத்தளை, பூனாகலை, தெமோதரை, நமுனுகுலை, பசறை, மடுல்சீமை, லுணுகலை என எப்பக்கம் சென்றாலும் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். பெற்றோர் இருவரும் மலைக்குக் கொழுந்து பறிக்கச் சென்ற பின்னர் வீட்டைக் காப்பதும், வீட்டுப்புற மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதும், இரவில் சிறுத்தை நடமாடும்போது முதலில் குரல் கொடுப்பதும் அந்த நாயே. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குச் செய்கையாளருக்கும், பதுளை, பண்டாரவளை நகரங்களில் கடை வைத்திருப்போருக்கும் அது சம்பளம் வாங்காத காவலாளியாகும்.

ஆனால், அந்த நாய் நோயுற்றால் யாரிடம் கொண்டு செல்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான குடும்பங்களிடம் ஆயத்தமான பதில் கிடையாது. மருந்தகத்தில் ஏதாவது ஒரு மாத்திரை, அயலவர் சொல்லும் ஒரு கைமருந்து, அதுவும் பயனளிக்காவிடில் விதியின் மேல் பழி என்பதே வழக்கமாக உள்ளது. மிருக வைத்தியரைத் தெரிவு செய்வது என்பது கொழும்பில் உயர் ரக நாய் வளர்ப்போரின் விவகாரம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்த எண்ணம் தவறானது மட்டுமன்றி, ஆபத்தானதுமாகும். வீட்டு நாய்க்கு ஒரு வைத்தியரை முன்கூட்டியே தெரிவு செய்து வைப்பது, முதலும் முக்கியமுமாக அவ்வீட்டுப் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடாகும்.

எதற்காக இந்த அவசரம்?

நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நோய்க்கு, அறிகுறிகள் தோன்றிய பின்னர் உலகில் எங்கும் பயன்தரும் சிகிச்சை கிடையாது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் உயிரிழக்கின்றனர். மனிதருக்கு ஏற்படும் விசர்நோயில் நூற்றுக்கு 99 பங்கு நாய்கள் மூலமே பரவுகின்றது. கடிக்கு இலக்காவோரில் கணிசமானோர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள்.

இலங்கை இவ்விடயத்தில் பாரிய முன்னேற்றம் கண்ட நாடு என்பதை மறுக்க முடியாது. 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டதாக உள்ளது. நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டோருக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படும் சிகிச்சையுமே இதற்குப் பிரதான காரணங்களாகும். எனினும், எஞ்சியுள்ள மரணங்கள் ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை. ஒரு பிரதேசத்திலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபது பங்கினவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. வீதியிலிருந்து விலகிய மேல் டிவிஷன்களில் தடுப்பூசி ஏற்றப்படாத நாய்கள் எஞ்சியிருக்கும் வரை அந்தச் சங்கிலியும் எஞ்சியிருக்கும்.

விசர்நோய் மட்டுமே நாய்களிடமிருந்து வரக்கூடிய ஆபத்தன்று. எலிக்காய்ச்சல் கிருமியை நாயும் காவித் தன் சிறுநீர் மூலம் வெளியேற்றக்கூடும். நாயின் குடலிலுள்ள வட்டப்புழுக்களின் முட்டைகள், மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றைச் சென்றடையலாம். நாயின் சொறி, அதனுடன் நெருங்கிப் பழகுவோரின் தோலிலும் அரிப்பை உண்டாக்கும். ஒரே கூரையின் கீழ், பத்தடி அறைகளில் வாழும் லயன் குடும்பங்களுக்கு நாயின் சுகமும் வீட்டாரின் சுகமும் பிரிக்க முடியாதவை.

மிருக வைத்தியர் என்பவர் யார்?

தெரிவு செய்வதற்கு முன்னர், யார் வைத்தியர், யார் வைத்தியர் அல்லர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையில் மிருக வைத்தியத் தொழில், 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மிருக வைத்திய சபையில் பதிவு பெற்றவர்களே தொழில் புரியலாம். இந்நாட்டின் மிருக வைத்தியர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலேயே பட்டம் பெறுகின்றனர். வெளிநாடுகளில் கற்றவர்களும் இச்சபையில் பதிவு பெற்ற பின்னரே இங்கு பணியாற்ற முடியும்.

தோட்டப்புறங்களில் 'ஊசி போடுபவர்' என்று அறியப்படும் சிலர் உள்ளனர். இவர்களுள் சிலர் பண்ணைகளில் வேலை செய்து அனுபவம் பெற்றவர்கள். நல்லெண்ணம் கொண்டவர்களும் இருக்கக்கூடும். கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் எமது பிரதேசங்களுக்கு அரிய சேவை ஆற்றுகின்றனர். தோட்ட வைத்திய உதவியாளர் மனிதருக்கு மருந்து தருகின்றார். ஆனால், இவர்களுள் எவரும் நாயின் நோயை இனங்கண்டு சிகிச்சையளிப்பதற்கான பட்டமும் பதிவும் பெற்றவர் அல்லர். மாட்டுக்கென வாங்கிய ஊசிமருந்தின் எச்சத்தை நாய்க்கு ஏற்றுவதால் நேரும் கேடு, நோயினால் நேரும் கேட்டை விடப் பெரிதாகலாம். நாயின் உடல் எடை மாட்டின் எடையில் சிறு பங்கே. மருந்தின் அளவு எடையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது.

பதிவு பெற்ற வைத்தியரின் மருந்துச் சீட்டிலும் இறப்பர் முத்திரையிலும் அவரது பெயர், பட்டம், பதிவிலக்கம் ஆகியன வழக்கமாகக் காணப்படும். காணப்படாவிடின், "ஐயா, உங்கள் பதிவிலக்கத்தைக் குறித்துக்கொள்ளலாமா?" என்று பணிவுடன் கேட்பதில் தவறேதுமில்லை. தகுதியுள்ள எவரும் அக்கேள்வியால் மனம் புண்படப் போவதில்லை.

ஊவாவில் எங்கெல்லாம் தேடலாம்?

பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட ஊவா மாகாணத்தில், மாகாண கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் பிரதேச மட்டத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. மாடு, ஆடு, கோழி வளர்ப்போருக்குச் சேவை செய்வதும், சினைப்படுத்தலும், தொற்றுநோய்க் கட்டுப்பாடுமே இவற்றின் பிரதான கடமைகள். எனினும், அங்குள்ளவர் நாய், பூனைகளுக்கும் சிகிச்சையளிக்கும் தகுதி கொண்ட பட்டதாரி மிருக வைத்தியரே. பல தோட்டக் குடும்பங்கள் கறவை மாடு வளர்ப்பதால் அவரை ஏற்கனவே அறிந்திருக்கும். மாட்டுக்காக அவரைச் சந்திக்கும்போது நாயைப் பற்றியும் விசாரித்து வைத்துக்கொள்வது இலகுவான முதற்படியாகும்.

இரண்டாவதாக, பிரதான நகரங்களை அண்டி இயங்கும் தனியார் சிகிச்சை நிலையங்கள். அரச சேவையிலுள்ள வைத்தியர்கள் சிலரும் கடமை நேரத்தின் பின்னர் தனியாக நோய் பார்ப்பதுண்டு. மாலை நேரத்தில் இயங்கும் நிலையம், பகலில் வேலைக்குச் செல்லும் தொழிலாளருக்கு வசதியானது. ஆயினும், கடைசி பஸ் புறப்படும் நேரத்தையும் கணக்கிலெடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, சிக்கலான அறுவைச் சிகிச்சைகளுக்கும் விசேட பரிசோதனைகளுக்கும் பேராதனையிலுள்ள மிருக வைத்திய போதனா வைத்தியசாலை உள்ளது. பதுளையிலிருந்து பல மணி நேரப் பயணம் என்பதால் அது அன்றாடத் தெரிவாக இருக்க முடியாது. அங்கு அனுப்ப வேண்டிய நோய் எது, இங்கேயே பார்க்கக்கூடியது எது என்பதை அறிந்து நேர்மையாகச் சொல்பவரே நல்ல உள்ளூர் வைத்தியர்.

பயணமும் ஒரு பிரச்சினையே. பஸ்ஸில் நாயை ஏற்றுவது இயலாத காரியம். முச்சக்கர வண்டிச் சாரதிகள் பலர் தயங்குவர். ஆகவே, எந்த வைத்தியர் சிறந்தவர் என்பதோடு, எவரிடம் போய்ச் சேர முடியும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. தொலைவிலுள்ள பெயர்பெற்ற ஒருவரை விட, ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய, தொலைபேசியில் பதிலளிக்கக்கூடிய ஒருவர் அவசர வேளையில் பன்மடங்கு பயனுள்ளவர். நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஒரு வண்டிச் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் வைத்தியரின் இலக்கத்துடன் சேர்த்தே குறித்து வைத்தல் நலம். ஒரே லயனில் நாய் வளர்க்கும் மூன்று, நான்கு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வண்டி அமர்த்தித் தடுப்பூசிக்குச் சென்றால் செலவும் பகிரப்படும்.

முதற் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

நாய் சுகமாக இருக்கும்போதே, தடுப்பூசியைக் காரணமாகக் கொண்டு ஒருமுறை சென்று வருவதே வைத்தியரை அறிந்துகொள்ளச் சிறந்த வழி. அச்சந்திப்பில் சில விடயங்களை உற்றுநோக்கலாம்.

முதலாவது, அவர் நாயைத் தொட்டுப் பரிசோதிக்கின்றாரா என்பது. எடை பார்த்தல், உடல் வெப்பத்தை அளத்தல், ஈறின் நிறத்தைப் பார்த்தல், நெஞ்சொலி கேட்டல், வயிற்றைத் தொட்டுப் பார்த்தல் ஆகியன அடிப்படையானவை. நாயின் இயல்பான உடல் வெப்பம் மனிதருடையதை விடச் சற்று உயர்வானது; ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. எனவே, கையால் தொட்டுக் காய்ச்சலென்று முடிவு செய்வதும், மூக்கு ஈரமாக உள்ளதால் சுகமென்று முடிவு செய்வதும் பிழையாகலாம். நாயைப் பாராமலே, சொன்னதைக் கேட்டு ஊசி ஏற்றி அனுப்புவது நல்ல சிகிச்சையாகாது.

இரண்டாவது, தடுப்பூசி மருந்து எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பது. தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் பேணப்பட வேண்டும். மேசையில் நாள் முழுதும் கிடந்த குப்பியிலுள்ள மருந்து, ஏற்றப்பட்டும் பயன் தராது போகலாம். வீட்டார் பாதுகாப்பு உண்டென நம்பியிருப்பர்; நாய்க்கோ பாதுகாப்பு இராது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, திகதியையும் மருந்தின் தொகுதி இலக்கத்தையும் தடுப்பூசி அட்டையில் பதிந்து, அடுத்த தவணையையும் எழுதித் தருபவரே நம்பத்தக்கவர். அந்த அட்டையை அடையாள அட்டையைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். நாய் யாரையாவது கடித்துவிட்டால் வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படும் ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது, அவர் விளக்கமளிக்கும் முறை. என்ன நோயென்று கருதுகின்றார், எந்த மருந்து, எத்தனை நாட்களுக்கு, குணமாகாவிடின் எப்போது திரும்பி வர வேண்டும், ஏறத்தாழ எவ்வளவு செலவாகும் என்பவற்றைச் சிகிச்சைக்கு முன்னரே சொல்ல வேண்டும். "கையிலுள்ள பணம் இவ்வளவுதான், இதற்குள் எது மிக அவசியம்?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது மருந்துத் தட்டுப்பாடும் விலையேற்றமும் மிருக வைத்தியத் துறையையும் விட்டு வைக்கவில்லை. செலவைப் பற்றித் திறந்த மனதுடன் பேசக்கூடிய வைத்தியரே சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஏற்றவர்.

நான்காவது, கடமை நேரத்துக்கு அப்பால் அவர் என்ன செய்வார் என்பது. இரவில் நஞ்சுண்ட நாய்க்கு எங்கு செல்வது என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். தாம் வரவியலாவிடினும், யாரை அழைப்பது என்றாவது சொல்ல வேண்டும்.

இப்பிரதேசத்து நோய்களும் வைத்தியரின் தேர்ச்சியும்

ஓர் வைத்தியரின் தேர்ச்சியை அளக்க, நமது மலைகளில் அடிக்கடி காணப்படும் நோய்களை அவர் கையாளும் விதத்தைப் பார்க்கலாம். உண்ணிக் காய்ச்சல் இவற்றுள் முதன்மையானது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்தினுள் புகும் நுண்ணுயிர்கள் சிவப்பணுக்களை அழிக்கின்றன. நாய் சோர்ந்து, உணவு மறுத்து, ஈறு வெளிறிக் காணப்படும். இதை ஏற்படுத்தும் கிருமிகள் பலவகை; ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே இனங்காண்பதற்கான எளிய வழி. அவ்வசதி உள்ள, அல்லது மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பும் வைத்தியர் ஊகத்தின் பேரில் ஊசி ஏற்றுபவரை விட மேலானவர்.

குட்டிகளை வாட்டும் பார்வோ வைரஸ் மற்றொன்று. 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இந்நோயினால், இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் வாந்தியும் ஏற்பட்டு, உடலின் நீரிழப்பினால் சில நாட்களிலேயே குட்டி மடியும். வைரஸைக் கொல்லும் மருந்தை விட, நாளங்களினூடாகத் திரவம் ஏற்றுவதே இங்கு உயிர் காப்பது. இதற்கும் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு எத்தனையாவது வாரத்தில் எந்தத் தடுப்பூசி என்ற அட்டவணையை முதற் சந்திப்பிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிக்கி வரும் நாய்களும் தோட்டப்புறங்களில் உண்டு. வெளியே சிறு காயமாகத் தோன்றினும், சுருக்கு இறுகிய இடத்தில் உள்ளே தசை அழுகக்கூடும். கம்பியை இழுத்து அறுக்க முயல்வதால் நாய் வலியில் கடிக்கும். மயக்க மருந்து கொடுத்து அதனை அகற்றுவது வைத்தியரின் வேலை. மரக்கறிச் செய்கைப் பகுதிகளில் பூச்சிகொல்லியும் எலி நஞ்சும் நாயின் வயிற்றைச் சென்றடைவது இன்னோர் ஆபத்து. அவ்வாறான வேளையில், நஞ்சின் போத்தலையோ உறையையோ வைத்தியரிடம் எடுத்துச் செல்வது அவசியம். மாற்று மருந்து நஞ்சின் வகையைப் பொறுத்தது.

வீட்டில் செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. காய்ச்சலென்று பரசிட்டமோல் மாத்திரை கொடுப்பது நாயின் ஈரலைப் பாதிக்கலாம். பூனைக்கு அது கொடிய நஞ்சு. இபுபுரோஃபென், டைக்குளோபினாக் போன்ற மனிதருக்கான வலிநிவாரணிகள் நாயின் வயிற்றில் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். சொறிக்குப் பழைய என்ஜின் ஒயில் பூசும் வழக்கம் இன்றும் உள்ளது. நாய் அதனை நக்கி விழுங்குவதாலும், தோல் வழியாக அது உட்புகுவதாலும் உடல் நஞ்சாகின்றது. சொறிக்கு இன்று எளிய, பயனுள்ள மருந்துகள் உள்ளன.

கருத்தடை: கேட்க வேண்டிய கேள்விகள்

பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறை குட்டி ஈனக்கூடியது. வளர்க்க வழியற்ற குட்டிகள் சந்தையோரங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் விடப்படுகின்றன. தடுப்பூசி காணாத தெருநாய்த் தொகை அங்கிருந்தே பெருகுகின்றது. முன்னர் உள்ளூராட்சி மன்றங்கள் நாய்களைப் பிடித்துக் கொன்றன. 2000களின் நடுப்பகுதியில் அந்நடைமுறை கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே கொள்கையாக ஏற்கப்பட்டன.

குறைந்த செலவென்று கருதிப் பலர் கருத்தடை ஊசியை நாடுகின்றனர். இவ்வூசி திரும்பத் திரும்ப ஏற்றப்படும்போது கருப்பையில் சீழ் பிடித்து நாய் இறக்க நேரிடலாம். ஒருமுறை செய்யப்படும் அறுவைச் சிகிச்சையே நிலையான வழி. அதற்காக வைத்தியரைத் தெரிவு செய்கையில், மயக்க மருந்தின் போது நாயைக் கண்காணிப்பவர் யார், கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றனவா, வலிநிவாரணி தரப்படுமா, தையல் பிரிந்தால் எங்கு அழைப்பது ஆகிய நான்கு கேள்விகளைக் கேட்கலாம். அறுவைக்கு முன்னர் எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலையும் கேட்டுப் பெற வேண்டும்.

மொழி ஒரு தடையாகலாமா?

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை வைத்தியரின் திறமைக்கு நிகராக மொழியும் முக்கியத்துவம் பெறுகின்றது. நாயால் பேச முடியாது. அதன் சார்பில் பேசுபவர் வளர்ப்பவரே. எப்போது சாப்பிடாது விட்டது, எத்தனை முறை வாந்தியெடுத்தது, எந்தக் காலில் முதலில் நொண்டியது என்பவற்றைத் தெளிவாகச் சொல்ல இயலாவிடில் சிகிச்சை திசைமாறும். 'ஒரு வேளைக்கு அரை மாத்திரை' என்பதை 'ஒரு மாத்திரை' என்று விளங்கிக்கொண்டால் விளைவு விபரீதமாகும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டும் உள்ளன. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தமிழில் சேவை கேட்பது சலுகை கோருவதன்று. எனினும், நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே, சிங்களம் நன்கறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், அறிகுறிகளையும் அவை தொடங்கிய நாளையும் ஒரு தாளில் எழுதிச் செல்வதும், மருந்தின் அளவைத் தமிழில் எழுதிக்கொண்டு அதனைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவதும் பயன்தரும்.

சமய உணர்வும் நாயும்

முஸ்லிம் வாசகர்களிடையே நாய் வளர்ப்பது பற்றித் தயக்கம் இருப்பது இயல்பே. இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி நாயின் உமிழ்நீர் அசுத்தமானது. அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கொண்டு, கழுவ வேண்டும். அதே மார்க்கம் காவலுக்கும் வேட்டைக்கும் பயிர், மந்தை பாதுகாப்புக்கும் நாய் வைத்திருப்பதை அனுமதிக்கின்றது. தாகித்த நாய்க்குக் கிணற்று நீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாறு ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. குகைத் தோழர்களுடன் இருந்த நாய் குர்ஆனிலேயே குறிப்பிடப்படுகின்றது. இந்துக்களுக்கோ நாய் பைரவரின் வாகனம். காவலுக்கு வைத்த பிராணியின் நோய்க்கு மருந்து செய்வது இரு சமயத்தாருக்கும் பொதுவான கடமை. நாயைத் தொட்டுப் பிடிக்கத் தயங்குபவர்கள் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறினால், அவரோ உதவியாளரோ நாயைக் கையாள ஏற்பாடு செய்வர். இதைப் புரிந்து மரியாதையுடன் நடப்பதும் நல்ல வைத்தியரின் இலக்கணமே.

கடித்துவிட்டால்: மிருக வைத்தியர் போதாது

ஒரு விடயத்தை மிகத் தெளிவாக வலியுறுத்த வேண்டியுள்ளது. நாய் மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ முதலில் செல்ல வேண்டிய இடம் அரச வைத்தியசாலை. காயத்தை உடனடியாக, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். காயத்தில் மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு போன்றவற்றைப் பூசுவதும், மந்திரித்தலோடு நிறுத்திக்கொள்வதும் உயிருக்கு உலை வைக்கும். வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக நகர்கின்றது. பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களும், சிலவேளை ஓராண்டு வரையும் இதற்கு எடுக்கலாம். அந்த இடைவெளியே மருந்துக்குக் கிடைக்கும் அவகாசம். நமது நாய், தடுப்பூசி ஏற்றிய நாய், குட்டி நாய் என்ற காரணங்களால் சிகிச்சை தேவையில்லை என்று வீட்டார் தாமாகவே முடிவு செய்யக் கூடாது. அம்முடிவு வைத்தியசாலை வைத்தியருக்குரியது.

மிருக வைத்தியரின் பங்கு இதன் பின்னரே தொடங்குகின்றது. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடக் கூடாது. அதனைக் கட்டியோ அடைத்தோ வைத்து 14 நாட்கள் கவனிக்க வேண்டும். நோயுற்ற நாய், அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே உமிழ்நீரில் வைரஸை வெளியேற்றத் தொடங்கி, விரைவில் இறந்துவிடும் என்பதே இதற்கான காரணம். நாய் இறந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ உடன் அறிவிக்க வேண்டும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட ஆய்வுகூடங்களில் நாயின் மூளையைப் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்த முடியும். விசர் நாய் கறவை மாட்டைக் கடித்தாலும் உடனடியாக அரச கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

பொறுப்பு குடும்பங்களுக்கு மட்டும்தானா?

1893ஆம் ஆண்டு முதலே விசர்நோய்க் கட்டுப்பாட்டுக்கான சட்டமும், 1901ஆம் ஆண்டு முதல் நாய்களைப் பதிவு செய்வதற்கான சட்டமும் இந்நாட்டில் உள்ளன. ஆயினும், உள்ளூராட்சிச் சேவைகள் தோட்டங்களின் வாயிலோடு நீண்டகாலம் நின்றுவிட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீக்கப்பட்டது. எனவே, தோட்டத்து நாய்களின் பதிவும் தடுப்பூசியும் கருத்தடையும் தமது எல்லைக்குட்பட்டவை அல்லவென்று பிரதேச சபைகள் இனியும் கூற முடியாது.

தடுப்பூசி முகாம் ஒன்று வேலை நாளின் காலை பத்து மணிக்கு, பிரதான வீதிச் சந்தியில் நடத்தப்பட்டால் மேல் டிவிஷன் தொழிலாளி ஒரு நாள் பேரை இழந்தே அங்கு வர முடியும். எவரும் அவ்வாறு வரப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலோ போயா தினத்திலோ பிரட்டுக்களத்திலேயே முகாம் நடந்தால் நிலைமை வேறாகும். மாகாணத் திணைக்களமும், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும், தோட்ட நிர்வாகமும் கலந்து பேசினால் இது இயலாத காரியமன்று. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகக் குரல் கொடுப்பது போன்று, தோட்டத்துக்கு மாதமொரு முறையேனும் நடமாடும் மிருக வைத்திய சேவை வேண்டுமென்றும், தடுப்பூசி அட்டைகளும் அறிவித்தல்களும் தமிழிலும் அமைய வேண்டுமென்றும் கோரிக்கை முன்வைக்கலாம். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் முகாம் நடைபெறும் நாளை அறிவித்தாலே பெரும் உதவியாகும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நோய் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. நாய்களால் பரவும் விசர்நோயினால் மனிதர் எவரும் இறவாத நிலையை 2030ஆம் ஆண்டுக்குள் அடைவதே உலகம் வகுத்துக்கொண்ட இலக்கு. அந்த இலக்கு பதுளையின் ஒரு லயன் வாசலில் நிறைவேற வேண்டுமாயின், அவ்வீட்டின் சுவரில் நாட்காட்டியின் பக்கத்தே ஒரு மிருக வைத்தியரின் பெயரும் தொலைபேசி இலக்கமும், நாயின் அடுத்த தடுப்பூசித் திகதியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நாய் சுகமாக இருக்கும் இந்த வாரமே அதனைச் செய்வதற்குரிய காலமாகும்.